சட்டத்தின் வழியே வந்த சர்வாதிகாரம்: பிலிப்பைன்ஸ் கமக்காரரின் அனுபவம்

"கட்சிகளையும் தேர்தல்களையும் கண்டது போதும். கண்டிப்பான ஒருவர் வந்து தடியெடுத்தால்தான் நாடு திருந்தும்." இப்பேச்சு நமக்குப் புதியதல்ல. தேநீர்க் கடையிலும் நிவாரண அரிசி வரிசையிலும் பஸ் தரிப்பிலும் கேட்டிருக்கிறோம். இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். விலைவாசியாலும் இலஞ்சத்தாலும் வெடிச் சத்தத்தாலும் களைத்துப்போனவர்கள்.

இவ்வாறு களைத்திருந்த ஒரு நாட்டில், தேர்தலில் வென்ற ஒருவர் எவ்வாறு சர்வாதிகாரியானார் என்பதை இப்பாடத்தில் நோக்குவோம். நாடு பிலிப்பைன்ஸ். ஆள் பேர்டினண்ட் மார்க்கோஸ். ஹிட்லரின் கதை பலருக்கும் தெரியும். ஆனால் ஜேர்மனி நமது வாழ்க்கைக்குத் தூரமான நாடு. பிலிப்பைன்ஸோ நெல்லும் தென்னையும் விளையும் தீவுக் கூட்டம். நூற்றாண்டுக் கணக்கில் அந்நியர் ஆட்சியில் இருந்து, நமக்கு இரண்டு வருடம் முந்தி, 1946 யூலை 4ஆம் திகதி சுதந்திரம் பெற்றது. வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் கேட்ட குடும்பங்களுக்கு மணிலா என்ற பெயர் பழக்கமானது. 'ஐ.ஆர். எட்டு' நெல்லை விதைத்த மூத்தவர்களுக்கும் அந்நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. அந்த இனம் 1966இல் வெளிவந்தது மணிலாவுக்குத் தெற்கேயுள்ள லொஸ் பஞ்ஞோஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான்.

வாக்கு இருந்தது, வயல் இல்லை

சுதந்திர பிலிப்பைன்ஸில் சனநாயகத்தின் உறுப்புகள் எல்லாம் இருந்தன. இரு பெரிய கட்சிகள், காங்கிரஸ் எனப்பட்ட பாராளுமன்றம், உயர் நீதிமன்றம், பயமின்றி எழுதிய பத்திரிகைகள். எந்தச் சனாதிபதியும் இரண்டு தவணைக்கு மேல், அதாவது எட்டு வருடத்துக்கு மேல், பதவியில் இருக்க முடியாது என 1935ஆம் ஆண்டு அரசியலமைப்பு விதித்திருந்தது.

ஆனால் கட்சிகள் இரண்டும் பெரிய நிலக்கிழார் குடும்பங்களின் கையில் இருந்தன. மத்திய லூசோன் சமவெளியில் வாரத்துக்குச் செய்யும் கமக்காரர் விளைச்சலில் பாதியளவைக் கொடுத்து, மிச்சத்தில் வட்டியும் கட்டினர். மாகாணங்களில் அரசியல்வாதிகள் சொந்தமாக ஆயுதக் குழுக்களை வைத்திருந்தனர். தேர்தல் காலத்தில் பிணம் விழுவது வழமையாயிற்று. காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் காங்கிரசில் நிறைவேறும். நடைமுறைப்படுத்தப் பணம் ஒதுக்கப்படாது. "இந்தச் சனநாயகத்தில் எனக்கு என்ன?" என்று கமக்காரன் கேட்டால் அதற்கு நேர்மையான பதில் எவரிடமும் இருக்கவில்லை. சர்வாதிகாரி வருமுன்னர் இந்தக் கேள்வி வந்துவிட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

1965இல் மார்க்கோஸ் சனாதிபதித் தேர்தலில் வென்றார். கெட்டிக்காரச் சட்டத்தரணி, நல்ல பேச்சாளர். யப்பானியருக்கு எதிராகப் போரிட்டுப் பதக்கங்கள் குவித்த வீரர் எனத் தம்மைக் காட்டிக்கொண்டார். அவருடைய வாழ்க்கை திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது. அவர் நடத்தியதாகச் சொன்ன கெரில்லாப் படையின் கதை பொய்யானது என்று அமெரிக்க இராணுவம் முன்னரே எழுதி வைத்திருந்தது. அந்தக் கோப்புகள் 1986 தொடக்கத்தில்தான் பத்திரிகையில் வெளிவந்தன. இருபது வருடம் பிந்திய உண்மையால் வாக்காளருக்கு என்ன பயன்?

முதல் தவணையில் வீதிகளும் பாடசாலைகளும் கட்டப்பட்டன. புதிய நெல்லினங்களால் விளைச்சலும் கூடியது. 1969இல் மீண்டும் வென்றார். அத்தேர்தலுக்கு அரச பணம் தண்ணீராய்ச் செலவிடப்பட்டதில் திறைசேரி வறண்டது. ஒரு டொலருக்கு 3.90 பெசோவாக இருந்த நாணய மதிப்பு, 1970இல் விழுந்து 6 பெசோவையும் தாண்டியது. பொருள் விலை ஏறியது. மாணவர்கள் தெருவில் இறங்கினர். 1969இல் தோன்றிய புதிய மக்கள் படை என்ற கம்யூனிசக் கெரில்லா அமைப்பு அப்போது சிறியதே. தெற்கே மின்டனாவோவில் குடியேறிய கிறிஸ்தவர்களுக்கும் அங்கு வாழ்ந்த முஸ்லிம் மக்களுக்கும் இடையே மூண்ட மோதலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடுவாசலை விட்டு ஓடின. அவர்கள் பட்டது என்னவென்று இப்பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்

எட்டு வருட எல்லை 1973 டிசம்பரில் முடிய இருந்தது. புதிய அரசியலமைப்பை எழுத 1971 யூனில் ஒரு மாநாடு கூடியது. மக்கள் தெரிவுசெய்த பிரதிநிதிகள் அதில் இருந்தனர். நல்ல நோக்கத்தோடு வந்தவர்களும் பலர். 1972 மே மாதத்தில் எடுவார்டோ குவின்றேரோ என்ற முதிய பிரதிநிதி எழுந்து, தமக்குத் தரப்பட்ட பணக் கடித உறைகளைச் சபையில் ஒப்படைத்தார். சில நாட்களில் அவரது வீடு சோதனையிடப்பட்டு அங்கே பெருந்தொகைப் பணம் 'கண்டெடுக்கப்பட்டது'. உண்மை சொன்னவன் கள்ளனானான்.

அதற்கு முன்னர், 1971 ஓகஸ்ட் 21ஆம் திகதி, மணிலாவின் பிளாசா மிராண்டாவில் எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் கூட்டத்தில் கைக்குண்டுகள் வீசப்பட்டன. ஒன்பது பேர் மாண்டனர். மேடையில் இருந்த வேட்பாளர்கள் படுகாயமடைந்தனர். வீசியவர் யார் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மார்க்கோஸ் கம்யூனிஸ்டுகளைக் குற்றஞ்சாட்டினார். மக்களில் பலர் மார்க்கோஸைச் சந்தேகித்தனர். அக்கட்சியிலிருந்து விலகிய சிலர் பிற்காலத்தில் தம் தலைமையே செய்வித்தது என்றனர். நாம் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததை. ஆட்கொணர்வு எழுத்தாணை உரிமை இடைநிறுத்தப்பட்டது. பிடித்துச் செல்லப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரும்படி கேட்கும் உரிமை அது. பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மாருக்கு அதன் பெறுமதி தெரியும்.

இருந்தும் சனநாயகம் அப்போது சாகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நடந்த செனட் சபைத் தேர்தலில் போட்டியிருந்த எட்டு ஆசனங்களில் ஆறை எதிர்க்கட்சி வென்றது. இரகசிய வாக்குச் சீட்டு இருந்தவரை மக்கள் 'இல்லை' என்று சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள். 1972 சனவரியில் ஆட்கொணர்வு உரிமையும் திரும்பி வந்தது. மார்க்கோஸ் இதிலிருந்து ஒரு பாடம் கற்றார் என்றே நான் நினைக்கிறேன்: மக்களிடம் இனிச் சீட்டைக் கொடுக்கலாகாது.

1972 யூலை, ஓகஸ்ட் மாதங்களில் மத்திய லூசோனில் பெருவெள்ளம். வயல்கள் அழிந்தன, அரிசி தட்டுப்பட்டது. மணிலாவில் கட்டடங்களில் குண்டுகள் வெடித்தன. செப்டெம்பர் 13ஆம் திகதி செனட்டர் பெனிக்னோ அக்கினோ, இராணுவச் சட்டத்தைக் கொண்டுவர இரகசியத் திட்டம் இருப்பதாகச் சபையில் எச்சரித்தார். செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு பாதுகாப்பு அமைச்சர் என்றிலேயின் வாகனம் சுடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அன்றிரவே கைதுகள் தொடங்கின. அக்கினோவும் செனட்டர் டியொக்னோவும் பத்திரிகை ஆசிரியர்களும் பிடிக்கப்பட்டனர். 23ஆம் திகதி காலையில் மக்கள் எழுந்து வானொலியைத் திருப்பினால் இரைச்சல் மட்டும் கேட்டது, பத்திரிகை வரவில்லை. மாலையில் மார்க்கோஸ் தொலைக்காட்சியில் தோன்றி, 1081ஆம் இலக்கப் பிரகடனத்தின் மூலம் நாடு முழுவதும் இராணுவச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது என்றார். அமைச்சரின் வாகனம் சுடப்பட்டதையும் ஒரு காரணமாகக் காட்டினார். ஆனால் பிரகடனத்தில் இட்டிருந்த திகதி செப்டெம்பர் 21. காரணம் நடப்பதற்கு முதல் நாளே கட்டளை எழுதப்பட்டாயிற்று! அத்தாக்குதல் ஒரு நாடகம் என 1986இல் என்றிலேயே ஒப்புக்கொண்டார்; பின்னர் எழுதிய நூலில் அதை மறுத்தார்.

இராணுவச் சட்டத்துக்கும் அரசியலமைப்பிலே இடம் இருந்தது. கலகம் மூண்டால் சனாதிபதி அதைப் பிரகடனஞ் செய்யலாம். மார்க்கோஸ் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். தம் ஆட்சியைச் சர்வாதிகாரம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கு அவர் வைத்த பெயர் 'புதிய சமுதாயம்'.

நல்லாய்த்தான் இருந்தது

முதல் மாதங்களில் மக்கள் பெரிதாக எதிர்க்கவில்லை. நள்ளிரவு முதல் அதிகாலை நான்கு மணிவரை ஊரடங்கு. தனியார் ஆயுதங்கள் இலட்சக்கணக்கில் களையப்பட்டன. தெருக்கள் துப்புரவாகின, களவு குறைந்தது. வேலைநிறுத்தங்கள் தடைசெய்யப்பட்டதால் முதலாளிமார் மகிழ்ந்தனர். மணிலாவிலிருந்த அமெரிக்க வர்த்தகர் சங்கம் ஒரு வாரத்துக்குள்ளேயே வாழ்த்துத் தந்தி அனுப்பியது. "எங்களுக்கு அரசியல் வேண்டாம், அமைதி போதும்" என்று சாதாரண சனங்களும் சொன்னார்கள். அந்த நிம்மதி பொய்யானதன்று. அதை அனுபவித்தவர்களைப் பழிப்பதும் நியாயமன்று. ஆனால் சிறையில் இருந்தவர்களின் வீடுகளில் அந்த நிம்மதி இருக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதப் பத்திரிகையும் இல்லாததால் மற்ற வீடுகளுக்கு அது தெரியவில்லை.

கைகளை எண்ணியவர் யார்?

இனி இக்கதையில் நாம் ஆறுதலாக இருந்து படிக்க வேண்டிய பகுதி.

பிரதிநிதிகளில் சிலர் சிறையில் இருக்க, புதிய அரசியலமைப்பை மாநாடு 1972 நவம்பர் கடைசியில் நிறைவேற்றியது. அதில் ஓர் இடைக்கால ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாக வாக்களிக்கும் பிரதிநிதிகள் இடைக்காலத் தேசிய சபையின் அங்கத்தவர்களாக ஆகலாம். எதிர்த்தவருக்கு ஆசனம் இல்லை. பலர் ஆசனத்துக்காக ஆதரித்தனர். அந்த இடைக்காலச் சபை பின்னர் ஒரு நாளாவது கூட்டப்படவில்லை. விற்றவனுக்கு விலையும் கிடைக்கவில்லை.

அரசியலமைப்பை மக்கள் அங்கீகரிக்க 1973 சனவரி 15இல் இரகசிய வாக்கெடுப்பு நடத்துவதென இருந்தது. மக்கள் மத்தியில் எதிர்ப்புப் பேச்சு கிளம்பவே, அது ஒத்திவைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஊர்தோறும் 'பிரசைகள் சபைகள்' கூட்டப்பட்டன. அதுவரை 21 வயதான, எழுத வாசிக்கத் தெரிந்தவர்களுக்கே வாக்குரிமை. இச்சபைகளிலோ 15 வயதுப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். சனவரி 10 முதல் 15 வரை கூட்டங்கள். வாக்குச் சீட்டு இல்லை, பெட்டி இல்லை. ஊர்த் தலைவர் கேட்பார். சம்மதிப்பவர் கையை உயர்த்த வேண்டும். சில இடங்களில் "அரிசி வேண்டியவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று சொல்லிப் படமெடுத்துக்கொண்டார்கள் என்ற பேச்சு அந்நாட்டில் இன்றும் வழங்குகிறது. சனவரி 17ஆம் திகதி முடிவு பிரகடனமாயிற்று: சம்மதம் 1,49,76,561, எதிர்ப்பு 7,43,869. கடைசி இலக்கம் வரை எண்ணியிருக்கிறார்கள். எண்ணியவர்களைக் கண்காணிக்கத்தான் எவரும் இருக்கவில்லை.

சனவரி 22ஆம் திகதி கூட இருந்த காங்கிரசின் கதவுகள் பூட்டப்பட்டுக் கிடந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. புதிய அரசியலமைப்பு முறைப்படி அங்கீகரிக்கப்படவில்லை என்பதே நீதியரசர் அறுவரின் கருத்து. ஆயினும் மார்ச் 31ஆம் திகதி, ஆறுக்கு நான்கு என்ற வாக்கில் வழக்குகள் தள்ளுபடியாயின. முறை தவறு என்று சொன்னவர்களில் சிலரே, இனி அதைத் தடுப்பதற்கில்லை என்று ஒதுங்கினர்.

கையை உயர்த்தியவர்களை நாம் குறைசொல்லிவிட முடியுமா? நிவாரண அட்டையில் கையெழுத்து வைப்பவர் முன்னால் நின்று பார்க்கும்போது, எத்தனை பேரால் கையைக் கீழே வைத்திருக்க முடியும்? பசியுள்ளவனுக்கு மட்டுமல்ல, பிள்ளைகுட்டிக்காரனுக்கும் அது கடினம். வாக்குச் சீட்டைச் சுற்றி ஒரு மறைப்புத் தட்டி வைத்திருப்பது இதனால்தான். அந்தத் தட்டியை எடுத்துவிட்டால், மிச்சம் எல்லாம் சட்டப்படி இருந்தாலும், அது வாக்கெடுப்பு ஆகாது.

காணியும் கொப்பறாவும்

கமக்காரருக்கு மார்க்கோஸ் ஒன்றும் கொடுக்கவில்லையா? கொடுத்தார். இராணுவச் சட்டம் வந்து ஒரு மாதத்தில், 1972 ஒக்டோபர் 21ஆம் திகதி, 27ஆம் இலக்க ஆணை வெளிவந்தது. நெல்லும் சோளமும் செய்யும் வாரக்குடிகள் தாம் உழும் காணிக்கு உரிமையாளராவர். நீர்ப்பாய்ச்சும் நிலமாயின் 3 ஹெக்டேயர், இல்லையேல் 5 ஹெக்டேயர். ஓர் ஆண்டு விளைச்சலின் இரண்டரை மடங்கு விலை. 6 வீத வட்டியுடன் 15 வருடத் தவணை. கேட்கக் காதுக்கு இனிமையானது. தென்னை, கரும்புக் காணிகள் இதில் சேரவில்லை. நிலக்கிழார் ஏழு ஹெக்டேயரை வைத்துக்கொள்ளலாம். ஆணை வந்ததும் குடிகளை எழுப்பியவர்களும், பயிரை மாற்றித் தப்பியவர்களும் உண்டு. அத்தாட்சிப் பத்திரம் பெற்றவர் பலர். முழு உறுதி கைக்கு வந்தவர் மிகச் சிலரே.

இதற்கு முந்திய வருடம், 1971இல், கமக்காரர் மணிலாவில் காங்கிரஸ் கட்டடத்தின் முன்னே வாரக்கணக்காக அமர்ந்திருந்து தமக்குச் சாதகமான காணிச் சட்டத் திருத்தம் ஒன்றைப் பெற்றிருந்தனர். அவர்கள் பெற்றது சிறிதுதான். ஆனால் அது நிறைவேறாவிட்டால் மறுபடியும் போய் அமரலாம். 1972க்குப் பின் அமர இடமில்லை. கமக்காரருக்கு அரசே 'சமஹாங் நாயொன்' என்ற ஊர்ச் சங்கங்களை அமைத்துக் கொடுத்தது. காணிப் பத்திரம் வேண்டுமானால் அதில் சேர வேண்டும், சேமிப்புக் கட்ட வேண்டும். மேலிருந்து கட்டிய இச்சங்கங்களில் பெரும்பாலானவை பத்து வருடத்தில் படுத்துவிட்டன. கிராம அபிவிருத்தி வேலையில் இருப்போர் இதைத் தனியே இருந்து யோசிக்க வேண்டும்.

தென்னைக் கமக்காரரின் கதை இன்னும் மோசம். 1973 ஓகஸ்டில், விற்கும் ஒவ்வொரு 100 கிலோ கொப்பறாவுக்கும் 15 பெசோ வரி விதிக்கப்பட்டது. வாங்குபவர் விலையில் கழித்துக்கொண்டார். பணம் தென்னைக் கமக்காரரின் நன்மைக்கே என்றார்கள். 1975இல் அப்பணத்தில் ஒரு வங்கி வாங்கப்பட்டது. அதை நடத்தியவர் மார்க்கோஸின் நெருங்கிய நண்பர் எடுவார்டோ கொயுவாங்கோ. 1979இல் எண்ணெய் ஆலைகள் ஒரே நிறுவனத்தின் கீழ் சேர்க்கப்பட்டபோது, கொப்பறாவின் விலையைச் சொல்பவரும் அவர்களே ஆயினர். அந்த வரிப்பணத்தில் பெருங்கம்பனியின் பங்குகளும் வாங்கப்பட்டன. கணக்குக் கேட்கக் காங்கிரஸ் இல்லை, எழுதப் பத்திரிகை இல்லை, கூடிப் பேசச் சுதந்திரமான சங்கமும் இல்லை. தேங்காய் உரித்தவனின் காசு எங்கே போனது என்பதை அறிய ஓர் ஆட்சி விழவேண்டியிருந்தது. அதன் பின்னும் வழக்கு நீண்டது. அப்பங்குகளில் 24 வீதத் தொகுதி ஒன்று கமக்காரரின் நன்மைக்காக அரசைச் சேர்ந்தது என உயர் நீதிமன்றம் தீர்த்தது 2012இல். பணத்தைப் பயன்படுத்தும் நம்பிக்கை நிதிச் சட்டம் வந்தது 2021இல். வரி கட்டியவர்களில் பலர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டனர்.

திருச்சபை எங்கே நின்றது?

பெரும்பான்மையோர் கத்தோலிக்கராய் உள்ள நாடு அது. ஆகவே இக்கேள்வியைத் தவிர்த்துப் போவது நேர்மையாகாது. தொடக்கத்தில் ஆயர்கள் மக்களை அமைதி காக்கும்படி கேட்டனர். கர்தினால் சின் கடைப்பிடித்தது 'விமர்சனத்தோடு ஒத்துழைப்பு' என்ற வழி. சில ஆயர்கள் மட்டும் முதலிலேயே வெளிப்படையாக எதிர்த்தனர். துறவற சபைகள் 1974இல் ஓர் அமைப்பை உருவாக்கிச் சிறைகளுக்குச் சென்று, கைதிகளின் பெயர்களையும் அவர்கள் பட்ட சித்திரவதையையும் எழுதி வைத்தன. அருட்சகோதரி மரியானி டிமரானன் பல ஆண்டுகள் அதற்குத் தலைமை தாங்கினார்; அவரும் ஒரு காலத்தில் கைதியாக இருந்தவர். அந்தக் குறிப்புப் புத்தகங்கள்தாம் பின்னாளில் சாட்சியாயின. திருச்சபை முழுவதும் அன்றே அவ்வாறு நின்றிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். அக்கினோ ஏழு வருடத்துக்கு மேல் சிறையிருந்து, 1983 ஓகஸ்ட் 21இல் நாடு திரும்பியபோது விமான நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1986 பெப்ரவரியில் தேர்தல் மோசடியின் பின் இராணுவத்தில் ஒரு பிரிவு கிளர்ந்தது. கர்தினால் சின் வெரித்தாஸ் வானொலி மூலம் அழைக்க, இலட்சக்கணக்கானோர் தெருவில் வந்து யுத்த டாங்கிகளின் முன் நின்றனர். மார்க்கோஸ் ஹவாய்க்கு ஓடினார். சுமார் 70,000 பேர் சிறை வைக்கப்பட்டனர், 3,200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்பது சர்வதேச மன்னிப்புச் சபையின் கணக்கு. வெளிநாட்டுக் கடன் 2,600 கோடி டொலர் அளவுக்கு ஏறியிருந்தது. 2022இல் அவரது மகன் தேர்தலில் வென்று அதே பதவிக்கு வந்தார். 'அந்தக் காலம் பொற்காலம்' என்று, அக்காலத்தைக் காணாத இளைஞர் பலர் நம்பினர்.

குழுவாகப் படிப்போருக்கு

விடைகளைக் கையை உயர்த்திச் சொல்லாமல், பெயர் எழுதாத கடதாசித் துண்டுகளில் எழுதி ஒரு பெட்டியில் போட்டு, பின்பு ஒருவர் வாசிக்கலாம்.

1965 முதல் 1973 வரை நடந்தவற்றில், "இந்த இடத்தில் மக்கள் தடுத்திருக்கலாம்" என்று உங்களுக்குத் தோன்றும் இடம் எது? அப்போது தடுக்க அவர்களிடம் என்ன இருந்தது? 27ஆம் இலக்க ஆணையால் காணிப் பத்திரம் பெற்ற ஒரு கமக்காரன் உங்கள் முன் வந்து, "எனக்குக் காணி தந்தவனை ஏன் திட்டுகிறீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்கள் நலன்புரி நிலையத்திலோ மீளக் குடியேறிய கிராமத்திலோ உள்ள சங்கத்தின் கணக்கு எல்லோர் முன்னிலையிலும் கடைசியாக வாசிக்கப்பட்டது எப்போது? அதை வாசிக்கும்படி கேட்டவர் யார்?